கரும்பலகையில் பெயர் குறைந்தால் வகுப்பு திருந்திவிட்டதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருந்த நேரத்தில் அத்தையிடமிருந்து போன். அத்தை ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"டேய், நீ காமர்ஸ் தானே படிக்கிற? எக்ஸெல் எல்லாம் தெரியும்ல?"

தெரியும் என்று சொன்னதுதான் தப்பு. அவர்கள் பள்ளியில் இந்த வருடம் 'ஸ்டார் கார்டு' என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்களாம். ஒழுங்காக நடந்துகொள்ளும் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். பத்து சேர்ந்தால் ஒரு பேனா. ஐம்பது சேர்ந்தால் காலை பிரேயரில் பெயர் சொல்லி கைதட்டல். இதெல்லாம் வேலை செய்கிறது என்று ஆண்டு விழாவில் காட்ட நிர்வாகத்துக்கு ஒரு கிராஃப் வேண்டும்.

"திட்டத்துக்கு முன்னாடி இத்தனை புகார், அப்புறம் இத்தனை புகார்னு போடணும். கோடு கீழே வரணும். அவ்வளவுதான்."

"கோடு கீழே வரலைன்னா அத்தை?"

"வரும்டா. புகார் எழுதுறது நாங்கதானே!"

அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆடிட்டிங் பேப்பரில் அரியர் வைத்திருப்பவனுக்கே (ஆமாம், அரியர்தான், சிரிக்காதீங்க) உறுத்துகிற வரி அது. குடோன் சாவியும் சரக்குக் கணக்கும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம்.

இந்த ஸ்டார் கார்டு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய் இரண்டு வாரம் அதிலேயே ஓடிவிட்டது. படித்ததையும், படித்தபோது எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் அமெரிக்கா, பெயர் கொஞ்சம் நீளம்

இதன் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் 'பள்ளி தழுவிய நேர்மறை நடத்தை ஆதரவு'. மூச்சு வாங்குகிறது இல்லையா? அமெரிக்காவில் சுருக்கமாக பி.பி.ஐ.எஸ் என்கிறார்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சுகாய், ராபர்ட் ஹார்னர் போன்றவர்கள் 1990களில் வளர்த்தெடுத்த முறை. இதுவரை 25,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பள்ளிகள் இதை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அப்போது அங்கே காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. 1994ல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் ஒரு வருடம் வெளியேற்ற வேண்டும் என்றது. நியாயமான சட்டம்தான். ஆனால் அந்த மனநிலை மெல்லப் பரவி, சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் 'மன்னிப்பே கிடையாது' என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் பழக்கமாகிவிட்டது. மறுபக்கம், 1997ல் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு பிள்ளையின் நடத்தை படிப்புக்குத் தடையாக இருந்தால் முதலில் நேர்மறையான வழிகளை யோசிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பி.பி.ஐ.எஸ் அந்த வாசல் வழியாகத்தான் பெரிதாக உள்ளே வந்தது.

முறை எளிமையானது. பள்ளி முழுவதற்கும் மூன்று முதல் ஐந்து எதிர்பார்ப்புகளை எழுதி வை. அவற்றை அல்ஜீப்ரா மாதிரி பாடமாகவே சொல்லிக் கொடு. வராண்டாவில் எப்படி நடப்பது, சாப்பாட்டு ஹாலில் எப்படி நிற்பது எல்லாமே பாடம்தான். சரியாகச் செய்தவனைக் கவனித்துப் பாராட்டு. தவறினால் எல்லா ஆசிரியரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். நடப்பதை எண்ணிப் பார். ஒரு முக்கோணம் வரைந்து காட்டுவார்கள். நூற்றில் ஏறக்குறைய 80 பிள்ளைகளுக்கு இந்தப் பொது ஏற்பாடே போதும். 15 பேருக்குக் கொஞ்சம் கூடுதல் உதவி. மிச்சம் 5 பேருக்குத் தனிக் கவனம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒன்று. 'பையன் சரியில்லை' என்று ஆரம்பிக்காமல், 'பையனுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமா?' என்று ஆரம்பிக்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் நம் பள்ளிகளுக்கும் இது தேவைப்படுகிற கேள்விதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. அதற்குப் பதிலாக ஆசிரியர் கையில் எதைக் கொடுத்தோம்?

எதை வைத்து அளக்கிறார்கள்?

ஒரு பள்ளியில் இந்தத் திட்டம் வெற்றியா தோல்வியா என்று பார்க்க அங்கே இரண்டு வகை அளவு உண்டு.

முதலாவது, சொன்னபடி செய்கிறார்களா என்ற அளவு. 2004ல் ஹார்னரும் மற்றவர்களும் வெளியிட்ட 'செட்' என்ற மதிப்பீட்டுக் கருவி இதில் பிரபலம். ஏழு தலைப்பில் 28 கேள்விகள். வெளியாள் ஒருவர் பள்ளிக்கு வந்து ஆவணங்களைப் பார்ப்பார். தலைமை ஆசிரியரிடம் பேசுவார். குறைந்தது 10 ஊழியர்களையும் 15 மாணவர்களையும் நிறுத்திக் கேட்பார். மொத்தத்தில் 80 சதவீதம், 'எதிர்பார்ப்புகளைச் சொல்லிக் கொடுத்தார்களா' என்ற தலைப்பில் தனியாக 80 சதவீதம் வாங்கினால் பள்ளி பாஸ்.

இரண்டாவது, பலன் கிடைத்ததா என்ற அளவு. இதற்கு அவர்கள் பெரிதும் நம்புவது 'ஆபீஸ் ரெஃபரல்' எண்ணிக்கையை. வகுப்பில் ஒரு பையன் தொந்தரவு செய்தால் ஆசிரியர் ஒரு சீட்டு எழுதி அவனை அலுவலகத்துக்கு அனுப்புவார். யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்தான், யார் எழுதியது என்று எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். ஓரிகனில் உருவான 'ஸ்விஸ்' என்ற மென்பொருளில் ஏற்றினால் கிராஃப் வந்துவிடும்.

இந்தச் சீட்டு சும்மா இல்லை. ஒழுங்காகப் பயன்படுத்தினால் தங்கம். பாதி சீட்டு சாப்பாட்டு ஹாலில், அதுவும் மணி அடித்த முதல் பத்து நிமிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது திருத்த வேண்டியது பிள்ளைகளை அல்ல, சாப்பாட்டு வரிசையை. இரண்டாவது கவுன்டர் திறந்தால் சண்டை குறையும்.

காசுக் கணக்கும் போடலாம். 2004ல் ஸ்காட், பாரெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ரெஃபரலுக்கு நிர்வாகியின் நேரம் 10 நிமிடம், மாணவனின் படிப்பு நேரம் 20 நிமிடம் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டார்கள். அதன்படி ஒரு பள்ளியில் வருடத்துக்கு 500 ரெஃபரல் குறைந்தால், நிர்வாகிக்கு 5,000 நிமிடம், அதாவது 83 மணி நேரம் மிச்சம். பிள்ளைகளுக்கு 10,000 நிமிடம், 166 மணி நேரப் பாடம் திரும்பக் கிடைக்கிறது. காஸ்டிங் படித்த எவனுக்கும் வாயில் எச்சில் ஊறும்.

ஓரிகனில் ஃபெர்ன் ரிட்ஜ் என்ற நடுநிலைப் பள்ளிதான் இதற்கு ஆரம்ப காலத்து முன்னுதாரணம். 1990களின் நடுவில் 'ஹை ஃபைவ்' என்று ஐந்து எதிர்பார்ப்புகளை வைத்து ஆரம்பித்தார்கள். ஒரே வருடத்தில் ரெஃபரல் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று ஆய்விதழில் எழுதினார்கள். அதன் பிறகு எந்தப் பள்ளி ஆரம்பித்தாலும் இதே மாதிரி ஒரு கீழிறங்கும் கோட்டைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

இங்கேதான் அத்தை சொன்ன வரி எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. சீட்டு எழுதுவது யார்? எதிர்பார்ப்பைச் சொல்லிக் கொடுத்த அதே ஆசிரியர். சீட்டு குறைந்தால் பெயர் யாருக்கு? அதே ஆசிரியருக்கும் அதே பள்ளிக்கும்.

ஒரு வாக்குமூலம்

எட்டாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். டீச்சர் ஸ்டாஃப் ரூம் போனதும் கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு பெயர் எழுதுவது என் வேலை. பிறகு அதை ஒரு நோட்டில் ஏற்ற வேண்டும். அந்த வருடம் பாதியில் பள்ளியில் ஒரு அறிவிப்பு வந்தது. எந்த வகுப்பின் நோட்டில் பெயர் குறைவோ, அந்த வகுப்புக்கு மாதாமாதம் ஷீல்டு.

அறிவிப்புக்கு முந்தைய மாதம் எங்கள் நோட்டில் அறுபதுக்கு மேல் பெயர். அடுத்த மாதம் பதினொன்று. ஷீல்டு எங்களுக்கே!

வகுப்பு அமைதியாகிவிட்டதா? சந்தைக்கடை சத்தத்தில் ஒரு துளி குறையவில்லை. நான் எழுதுவதைக் குறைத்தேன், அவ்வளவுதான். யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. நானும் பொய் எழுதியதாக நினைக்கவில்லை. 'சும்மா லேசாத்தானே பேசினான், இதுக்கெல்லாமா' என்று ஒவ்வொரு முறையும் மனம் சமாதானம் சொன்னது. ஷீல்டுக்கு முன்னால் குற்றமாகத் தெரிந்தது ஷீல்டுக்குப் பின்னால் குற்றமாகத் தெரியவில்லை.

இதைவிட மோசமான பகுதி அந்தப் பதினொரு பெயர். ஒரு பெயர்கூட இல்லையென்றால் டீச்சர் நம்பமாட்டார், அதனால் சில பெயர் வேண்டும். பதினொன்றில் ஏழு ஒரே பையனுடையது. கடைசி பெஞ்ச். அவன் பேசியதைவிட சிரித்ததுதான் அதிகம். ஏன் அவன் பெயர்? எழுதினால் என்னிடம் சண்டைக்கு வரமாட்டான். அவன் வீட்டிலிருந்து யாரும் பள்ளிக்கு வந்து கேட்கமாட்டார்கள். பன்னிரண்டு பதிமூன்று வயதில் எனக்கு இதெல்லாம் கணக்குப் போடத் தெரிந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டேன்.

இருப்பாய்வு சமமானால் போதுமா?

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாகிவிட்டால் எல்லாம் சரி என்று குதிக்கக் கூடாது. ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதவே இல்லையென்றால் அது முழு விடுபிழை. பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை, அதனால் இருப்பாய்வு அழகாகச் சமமாகும். பிழை வெளியே தெரியவே தெரியாது.

ரெஃபரல் கணக்கில் இருக்கும் ஆபத்தும் அதேதான். எழுதாத சீட்டு எந்த கிராஃபிலும் வராது. பிள்ளையை வராண்டாவில் நிறுத்தினால் சீட்டு இல்லை. பக்கத்து வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால் சீட்டு இல்லை. 'இன்றைக்கு அவன் மூட் சரியில்லை, வந்து கூட்டிட்டுப் போங்க' என்று அம்மாவுக்கு போன் போட்டால் அது சஸ்பென்ஷன் கணக்கிலும் வராது. இது என் கற்பனை இல்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களை இப்படி ஏட்டில் ஏறாமல் வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி அமெரிக்கக் கல்வித் துறையே 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் எச்சரித்திருக்கிறது.

'அப்படியானால் செட் மாதிரி வெளியாள் வந்து பார்க்கிறாரே?' என்று கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் மாணவனிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். 'பள்ளியின் எதிர்பார்ப்புகள் என்னென்ன?', 'சமீபத்தில் உனக்குப் பாராட்டுச் சீட்டு கிடைத்ததா?' இரண்டும் திட்டம் நடக்கிறதா என்று பார்க்கிற கேள்விகள். 'உன்னை இங்கே நியாயமாக நடத்துகிறார்களா?' என்ற கேள்வி இல்லை. ஆடிட்டிங்கில் இரண்டு வகைச் சோதனை சொல்லித் தருவார்கள். நடைமுறை பின்பற்றப்படுகிறதா என்பது ஒன்று. கணக்கில் காட்டிய தொகை உண்மையிலேயே இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதில் நூற்றுக்கு நூறு வாங்கிய கம்பெனிகூட இரண்டாவதில் கவிழலாம்.

அப்போ எல்லாம் ஏமாற்றா?

இல்லை. இங்கே நான் நியாயமாக எழுத வேண்டும், ஏனென்றால் படிக்க ஆரம்பித்தபோது 'இது வெறும் கிராஃப் வித்தை' என்று முடிவே கட்டியிருந்தேன். மேரிலாண்ட் ஆய்வைப் படித்ததும் அந்த முடிவு ஆட்டம் கண்டது.

கேத்தரின் பிராட்ஷா என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் மேரிலாண்ட் மாநிலத்தில் 37 ஆரம்பப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். 21 பள்ளிகளுக்குப் பயிற்சி, 16 பள்ளிகள் ஒப்பிட்டுப் பார்க்க. ஐந்து வருடம் தொடர்ந்தார்கள். குலுக்கல் ஏன் முக்கியம்? ஏற்கெனவே நல்ல தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளிதான் இந்த மாதிரித் திட்டத்துக்கு முதலில் கை தூக்கும். அப்புறம் அங்கே நடந்த நல்லது எல்லாம் திட்டத்தாலா, அந்தத் தலைமை ஆசிரியராலா என்று பிரிக்க முடியாது. குலுக்கல் அந்தச் சிக்கலை வெட்டிவிடுகிறது.

2010ல் வந்த முடிவில், திட்டம் நடந்த பள்ளிகளில் சஸ்பென்ஷன் குறைந்தது. 2012ல் 12,344 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில், திட்டப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆபீஸ் ரெஃபரல் வாங்கும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவு என்றார்கள். கவனம், உணர்ச்சிக் கட்டுப்பாடு, மற்றவர்களுக்கு உதவும் குணம் எல்லாவற்றிலும் ஆசிரியர்கள் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். பரீட்சை மதிப்பெண்ணில் மட்டும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை.

இதிலும் ஒரு 'ஆனால்' இருக்கிறது. குழந்தைகளுக்கு மதிப்பெண் போட்ட ஆசிரியர்களுக்குத் தங்கள் பள்ளியில் திட்டம் நடப்பது தெரியும். அதனால் அந்தப் பகுதியை நான் பாதிதான் நம்புவேன். சஸ்பென்ஷன் குறைந்ததை அதைவிடக் கூடுதலாக நம்புவேன். காரணம் சுவாரசியமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975ல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில், பத்து நாள் வரையிலான சஸ்பென்ஷனுக்குக்கூட மாணவனிடம் குற்றச்சாட்டைச் சொல்லி அவன் பதிலைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதாவது சஸ்பென்ஷனுக்கு ஒரு நடைமுறையும் காகிதமும் உண்டு. ரெஃபரல் சீட்டு மாதிரி ஒரு ஆசிரியரின் அன்றைய மனநிலையில் கூடிக் குறைகிற விஷயம் இல்லை. ஏமாற்றவே முடியாது என்று சொல்லவில்லை, ஏமாற்றுவது கஷ்டம்.

ஆக, திட்டம் வேலை செய்கிறது என்றே நம்புகிறேன். என் சண்டை திட்டத்தோடு இல்லை, கீழிறங்கும் கோட்டை மட்டும் காட்டி 'வெற்றி' என்று கைதட்டுவதோடுதான்.

மிச்சமிருக்கும் பெயர்கள் யாருடையவை?

மொத்தம் குறைந்தது என்ற சந்தோஷத்தில் நாம் கேட்க மறக்கிற கேள்வி இது.

ரஸ்ஸல் ஸ்கிபா என்ற பேராசிரியர் 2002ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒரு அமெரிக்க நகரத்தின் 19 நடுநிலைப் பள்ளிகளின் 1994-95 பதிவேடுகளைப் புரட்டினார். வெள்ளை மாணவர்கள் ஆபீசுக்கு அனுப்பப்பட்டது புகை பிடித்தது, பொருளை உடைத்தது மாதிரி கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்களுக்கு. கறுப்பின மாணவர்களோ மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம் மாதிரி ஆசிரியரின் பார்வையைப் பொறுத்த காரணங்களுக்கு. 'திமிரா பார்த்தான்' என்பதற்கு ஸ்கேல் வைத்தா அளப்பது?

2011ல் அவரும் மற்றவர்களும் 364 பள்ளிகளைப் பார்த்தார்கள். இந்தப் பள்ளிகள் நான் மேலே சொன்ன ஸ்விஸ் மென்பொருளில் சீட்டுகளைப் பதிபவை, அதாவது எண்ணிக்கையில் அக்கறை காட்டும் பள்ளிகள். அங்கேயும் வெள்ளை மாணவனோடு ஒப்பிட்டால் கறுப்பின மாணவன் ஆபீசுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு ஆரம்பப் பள்ளியில் 2.19 மடங்கு, நடுநிலைப் பள்ளியில் 3.78 மடங்கு.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை. பதினொன்றில் ஏழு என்ற என் நோட்டுதான் ஞாபகம் வந்தது. மொத்தம் அறுபதிலிருந்து பதினொன்றாகக் குறைந்தது வெற்றி என்றால், அந்த ஒரு பையனுக்கு அது என்ன? அவனைப் பொறுத்தவரை அந்தப் பள்ளி முன்பைவிட மோசமாகிவிட்டது. முன்பு பலரில் ஒருவன். இப்போது அவன்தான் 'அந்தப் பையன்'.

நல்ல செய்தியும் உண்டு. 2021ல் கென்ட் மெக்கின்டோஷும் சக ஆய்வாளர்களும் இந்த வித்தியாசத்தையே குறி வைத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இடைவெளி குறைந்தது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மாதிரி விஷயத்துக்கு ஆசிரியர் அவசரப்பட்டுச் சீட்டு எழுதுகிறார் என்று பதிவேட்டைப் பிரித்துப் பார்த்து அங்கே நிதானிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதாவது பதிவேட்டைப் பிள்ளைகள் பக்கம் மட்டும் திருப்பாமல் எழுதுகிறவர் பக்கமும் திருப்பினார்கள்.

பேனாவும் நட்சத்திரமும்

பரிசு கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நண்பர்கள் அடிக்க வருவார்கள். 1973ல் மார்க் லெப்பர் குழு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் நடத்திய சோதனை ரொம்பப் பிரபலம். படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளில் சிலரிடம் 'வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை.

இதை வைத்து 'நட்சத்திரமே விஷம்' என்று முடிவுக்கு வர மாட்டேன். ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பரிசை முன்கூட்டிப் பேசினால்தான் அங்கே சிக்கல் வந்தது. வரிசையில் நிற்பது யாருக்கும் பிடித்த வேலை இல்லை :-) ஆனால் மதிப்பிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேனாவை நிறுத்தினால் என்ன ஆகிறது? ஸ்டார் கார்டு இல்லாத பஸ்சில் அதே பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? எண்ணிக்கை குறைந்த மாதத்தில் படம் எடுத்து ஆண்டு விழாவில் மாட்டிவிட்டால் இந்தக் கேள்விக்கெல்லாம் விடை வராது.

அத்தைக்கு நான் அனுப்பியது

கடைசியில் கிராஃப் போட்டேன். (அத்தை விடமாட்டார்.) ஆனால் கூடவே ஒரு பக்கத்தில் ஐந்து விஷயம் எழுதி அனுப்பினேன்.

ஒன்று, எல்லா வகுப்பிலும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். எந்த வகுப்பு முதலில் என்று குலுக்கிப் போடுங்கள். ஆறாம் வகுப்பு இப்போது, ஏழாம் வகுப்பு மூன்று மாதம் கழித்து என்று வந்தால், காத்திருக்கும் வகுப்பே ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பைசா செலவில்லை.

இரண்டு, புகார் நோட்டில் 'வெளியே நிறுத்தியது', 'வீட்டுக்கு போன் போட்டது' என்று இரண்டு காலம் சேருங்கள். பிள்ளை பாடத்தை இழந்த ஒவ்வொரு நிமிடமும் ஏட்டில் வரட்டும்.

மூன்று, மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். பாதிக்கு மேல் பெயர் இரண்டு மூன்று பேருடையதாக இருந்தால் அது யார், எழுதியது யார் என்று பாருங்கள்.

நான்கு, பிள்ளைகளிடம் பெயர் எழுதாத சீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இந்த மாதம் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினாயா?'

ஐந்து, புகார் குறைந்த வகுப்பின் டீச்சருக்குப் பரிசு எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த மறுநாளிலிருந்து அந்த நோட்டை நம்ப முடியாது. அனுபவஸ்தன் சொல்கிறேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன்.

"ஏன்டா, அந்த ரெண்டு காலம் சேர்த்தா எண்ணிக்கை ஏறுமேடா!"

"ஏறட்டும் அத்தை. முதல் மாசம் ஏறினாத்தான் எல்லாரும் ஒழுங்கா எழுதுறாங்கன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, "என் கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான்டா, எப்பப் பார்த்தாலும் வெளியிலதான் நிப்பான்" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

ஆண்டு விழாவில் எந்த கிராஃப் வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. நிர்வாகத்துக்குக் கீழே வரும் கோடுதான் பிடிக்கும். ஆனால் அத்தையின் வகுப்பு நோட்டில் அந்த இரண்டு காலம் இப்போது இருக்கிறது. அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்.

உங்களில் யாராவது கிளாஸ் லீடராக இருந்திருக்கிறீர்களா? யார் பெயரை அதிகம் எழுதினீர்கள், ஏன் என்று யோசித்துப் பாருங்கள். மனசு இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அவர்கள் பெயர் மட்டும் வேண்டாம்.